கிதாருக்குக் கடிவாளம் தேவையா?

வானொலி நாடகம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கதாநாயகி தழுதழுத்த குரலில் மெல்லப் பேசுகிறாள். தாத்தா எட்டிக் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுகிறார். அடுத்த விநாடி அவளுடைய தகப்பனார் இடி முழக்கமாகக் கத்துகிறார். தாத்தா பதறிப்போய்க் குமிழைப் பின்னுக்குத் திருப்புகிறார். நாடகம் முடியும்வரை அவருடைய கை குமிழை விட்டு அகலுவதில்லை. தாத்தாவின் கை செய்யும் இந்த வேலையை ஒரு மின்சுற்று தானாகவே செய்தால் அதற்குக் 'கம்ப்ரெசர்' என்று பெயர்.

பஞ்சர் கடையில் காற்றடைக்கும் கம்ப்ரெசருக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான். அது காற்றை அழுத்துகிறது. இது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை அழுத்துகிறது. 'இந்த எல்லையை எந்த ஒலியும் தாண்டவே கூடாது' என்று கண்டிப்பாகத் தடுக்கும் கம்ப்ரெசரை 'லிமிட்டர்' என்கிறார்கள்.

வீட்டிலேயே கிதார் வாசித்துப் பதிவு செய்யும் இளைஞர்கள் இன்று பலர். ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி, ஒரு கணினி. இவை சேர்ந்துவிட்டால் அடுத்து எழும் கேள்வி, "எந்தக் கம்ப்ரெசர் வாங்கலாம்?" என்பதுதான். விளம்பரங்களும் நண்பர்களும் ஆளுக்கொரு பெயரைச் சொல்லுகிறார்கள். அப்பெயர்களில் புகழ்பெற்ற சிலவற்றை எடுத்து, இயற்பியல் கண்கொண்டு மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத எனக்கு ஒரு கடனும் உண்டு. என் மாணவர் ஒருவர் நன்றாகக் கிதார் வாசிப்பவர். "சார், மெல்ல வாசித்தால் பதிவில் கேட்கவில்லை, ஓங்கி வாசித்தால் ஒலி கரகரவென்று உடைகிறது. என்ன செய்வது?" என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், "கம்ப்ரெசர் ஒன்று வாங்கிவிடு தம்பி" என்று சொல்லிவிட்டேன். விடுமுறையில் டியூஷன் எடுத்துச் சேர்த்த 11,000 ரூபாயில் அவர் பழைய கம்ப்ரெசர் ஒன்றை வாங்கினார். இரண்டு வாரம் கழித்து, செய்த பதிவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தந்தியை மீட்டியவுடன் ஒலி அமுங்குகிறது. அது தேயத் தேய, பின்னால் மின்விசிறியின் இரைச்சல் 'உஸ்ஸ்' என்று மேலெழுகிறது. அடுத்த மீட்டலில் இரைச்சல் மறைகிறது, மீண்டும் எழுகிறது. பாட்டுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது போல இருந்தது. அந்தப் பெட்டி தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்திருந்தது. பிழை என் அறிவுரையில்தான். அப்பிழை உங்களுக்கும் நேராமல் இருக்கட்டும்.

கம்ப்ரெசர் போடும் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒலியின் வீச்சு இரு மடங்கானால் 6 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 20 டெசிபல் கூடும். கணினிப் பதிவில் தாங்கக்கூடிய மிக உயர்ந்த அளவை 0 டெசிபல் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே மற்ற அளவுகள் எல்லாம் கழித்தல் குறியோடு வரும்.

கம்ப்ரெசரில் ஒரு தொடக்க எல்லையையும் ஒரு விகிதத்தையும் நாம் அமைக்கிறோம். எல்லை -20 டெசிபல், விகிதம் 4:1 என்று வைத்துக்கொள்வோம். வரும் ஒலி -8 டெசிபல். அதாவது எல்லையை 12 டெசிபல் தாண்டியிருக்கிறது. கம்ப்ரெசர் அந்த 12-ஐ நான்கால் வகுத்து 3 டெசிபல் மட்டுமே தாண்ட அனுமதிக்கிறது. வெளிவரும் ஒலி -17 டெசிபல். குறைந்தது 9 டெசிபல். விகிதம் 20:1, அல்லது அதற்கும் மேல் என்றால் அது ஏறக்குறைய லிமிட்டர்தான்.

இப்போது உச்சம் தாழ்ந்துவிட்டது. 'ஒலி குறைந்துவிட்டதே' என்று எண்ணி, மொத்த ஒலியையும் 9 டெசிபல் கூட்டுகிறோம். உரத்த ஒலி பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் எல்லைக்குக் கீழே இருந்தவை என்னவாகும்? அவை அமுக்கப்படவே இல்லை. ஆகவே முழுமையாக 9 டெசிபல் உயரும். மெல்லிய மீட்டல் உயரும். அது நாம் விரும்பியது. அதோடு மின்விசிறி, தெருவில் போகும் ஆட்டோ, அடுத்த வீட்டு மிக்ஸி எல்லாம் சேர்ந்து உயரும். 9 டெசிபல் என்பது வீச்சில் ஏறத்தாழ 2.8 மடங்கு! என் மாணவரின் பதிவில் மூச்சு வாங்கியது இந்த 2.8 மடங்குதான்.

இன்னும் இரண்டு குமிழ்கள் உண்டு. ஒலி எல்லையைத் தாண்டியபின் அதை அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று. கருவியில் 'அட்டாக்' என்று எழுதியிருக்கும். இதைப் 'பிடிக்கும் நேரம்' என்போம். ஒலி தணிந்தபின் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் மற்றொன்று. 'ரிலீஸ்' என்று எழுதியிருக்கும். இதை 'விடும் நேரம்' என்போம். ஒரு கம்ப்ரெசருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள குணபேதம் பெரும்பாலும் இந்த இரண்டு நேரங்களில்தான் இருக்கிறது.

இக்கருவி ஏன் பிறந்தது?

எந்தக் கருவியையும் மதிப்பிடுமுன் அது எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று கேட்பது நல்லது. 1930-களில் வானொலி நிலையங்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. பேச்சாளர் திடீரென்று உரக்கப் பேசினால் ஒலிபரப்பியின் ஊர்தி அலை அளவுக்கு மீறிப் பண்பேற்றம் அடையும். ஒலி உருக்குலைவதோடு, அடுத்த நிலையத்தின் அலைவரிசையிலும் போய் இடிக்கும். அதைத் தடுக்கவே லிமிட்டர் வந்தது.

பிறகு காந்த நாடாவின் காலம். நாடாவில் அடியில் இரைச்சல். மேலே காந்தத் தெவிட்டு நிலை. இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடைவெளி சுமார் 60 டெசிபல்தான். மெல்லிய ஒலி இரைச்சலில் மூழ்கும். உரத்த ஒலி தெவிட்டி உடையும். எனவே பதிவு செய்யும்போதே ஒலியை அமுக்கி, அந்தச் சிறிய இடைவெளிக்குள் அடக்க வேண்டியிருந்தது. அன்று அது கட்டாயம்.

இன்று நிலைமை என்ன? 24 பிட் பதிவில் கோட்பாட்டின்படி கிடைக்கும் இடைவெளி 144 டெசிபல். மின்சுற்றின் சொந்த இரைச்சலைக் கழித்தால் நல்ல கருவிகளில் நடைமுறையில் சுமார் 110 டெசிபல் கிடைக்கிறது. உங்கள் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். விசிறி ஓடும் அறையின் இரைச்சல் தோராயமாக 45 டெசிபல். மைக் இருக்கும் இடத்தில் கிதாரின் உரத்த மீட்டல் தோராயமாக 90 டெசிபல். வித்தியாசம் 45 டெசிபல்தான். 110 அடி அகலமுள்ள சாலையில் 45 அடி அகலமுள்ள தேரை இழுக்கப் போகிறோம். இதற்கு ஏன் தேரின் அகலத்தைக் குறைக்க வேண்டும்? நடுவில் இழுத்தாலே போதுமே!

அதாவது, உச்ச ஒலி -12 அல்லது -15 டெசிபலில் நிற்குமாறு மைக்கின் பெருக்கத்தைக் குறைத்து வைத்துப் பதிவு செய்யுங்கள். மேலே 12 டெசிபல் காலியாக இருக்கும். திடீரென்று ஓங்கி மீட்டினாலும் உடையாது. கீழே அறையின் இரைச்சல்தான் எல்லை. கருவியின் இரைச்சல் அதற்கும் வெகு ஆழத்தில் கிடக்கும். பழைய நாடாக் காலத்து வழக்கத்தில் மானியின் முள்ளைச் சிவப்பு வரை கொண்டுபோய் நிறுத்தும் பழக்கம் இன்னும் பலரை விடவில்லை. என் மாணவரின் ஒலி உடைந்ததற்கும் அதுவே காரணம்.

நான்கு பெட்டிகள்

இனிப் புகழ்பெற்ற கருவிகளைக் காண்போம். அவை ஒவ்வொன்றும் ஓர் இயற்பியல் பண்பின்மேல் நிற்கின்றன. மாணவர்களுக்கு அவற்றில் கற்க நிறைய உண்டு. 1950-களின் இறுதியில் வந்த ஃபேர்சைல்டு 670 என்னும் அமெரிக்கக் கருவியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ரைன் நார்மா வடிவமைத்தது, 20 வால்வுகள், எடை சுமார் 30 கிலோ. நம் வீட்டு மேசை அதைத் தாங்காது. அதை வணங்கிவிட்டு மேலே செல்வோம்.

முதலாவது, எல்.ஏ.-2ஏ. கலிபோர்னியாவில் டெலட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஜிம் லாரன்ஸ் 1960-களில் உருவாக்கியது. இதன் இதயம் ஓர் ஒளித் தட்டும், அதைப் பார்த்தவாறு வைத்த காட்மியம் சல்பைடு ஒளி மின்தடையும். ஒலி உரத்தால் தட்டு பிரகாசிக்கும், ஒளி பட்ட மின்தடை குறையும், குறிப்பலையின் ஒரு பகுதி அதன் வழியே தரைக்குப் போய்விடும், ஒலி தணியும். எவ்வளவு எளிமை! வெளியே முக்கியக் குமிழ்கள் இரண்டே இரண்டு.

இதன் பிடிக்கும் நேரம் சுமார் 10 மில்லி விநாடி. விடும் நேரத்தில்தான் அழகு இருக்கிறது. பாதி தூரம் சுமார் 60 மில்லி விநாடியில் திரும்பிவிடும். மீதிப் பாதிக்கு 1 முதல் 15 விநாடி வரை ஆகும். எவ்வளவு நேரம் எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பதை ஒளி மின்தடை 'நினைவில்' வைத்திருப்பதே காரணம். இதை நீங்களே சோதிக்கலாம். கறுப்புக் காகிதக் குழாயின் ஒரு முனையில் எல்.இ.டி., மறுமுனையில் எல்.டி.ஆர். வைத்து மூடி, மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். விளக்கை அணைத்தவுடன் எண் விரைந்து ஏறி, பிறகு தயங்கித் தயங்கி ஏறும். அந்தத் தயக்கத்தில்தான் எல்.ஏ.-2ஏ-யின் புகழ் அடங்கியிருக்கிறது. கிதாரின் தொடர் மீட்டலை இது மென்மையாகச் சமன் செய்கிறது. குறுக்கிட்ட தடம் தெரிவதில்லை.

குறை என்ன? தந்தியில் பிக் படும் கணம் ஒரு சில மில்லி விநாடிகள்தான். 10 மில்லி விநாடி கழித்து விழிக்கும் காவலன் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே இது நல்ல இசைக் கருவி; ஆனால் நல்ல காவலன் அன்று. பதிவு உடையாமல் காக்க இதை வாங்குவோர் ஏமாறுவர். விலையும் இலட்சக் கணக்கில்.

இரண்டாவது, 1176. பில் புட்னம் 1960-களின் பிற்பகுதியில் வெளியிட்டது. ஒளிக்குப் பதில் புலவிளைவு டிரான்சிஸ்டரை மின்னழுத்தத்தால் மாறும் மின்தடையாக வைத்தார். பிடிக்கும் நேரம் 20 மைக்ரோ விநாடி முதல் 800 மைக்ரோ விநாடி வரை. எல்.ஏ.-2ஏ விழிப்பதற்குள் இது ஐந்நூறு முறை விழித்துவிடும்! விடும் நேரம் 50 மில்லி விநாடி முதல் 1.1 விநாடி வரை. ஒரு விந்தை: இதில் குமிழை வலப்புறம் முழுக்கத் திருப்பினால்தான் மிக விரைவு, மற்றக் கருவிகளின் பழக்கத்தில் கைவைப்பவர்கள் தலைகீழாக அமைத்துவிடுவார்கள்.

இவ்வளவு விரைவு கிதாருக்கு நல்லதா? கணக்குப் போடுவோம். கிதாரின் தடித்த தந்தியின் அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். ஓர் அலைக்கு 12 மில்லி விநாடி. நேர், எதிர் என இரண்டு உச்சங்கள் இருப்பதால் 6 மில்லி விநாடிக்கு ஓர் உச்சம். விடும் நேரத்தை 50 மில்லி விநாடியில் வைத்து, 10 டெசிபல் அமுக்குகிறோம் எனக் கொள்வோம். ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவே கருவி சுமார் 1 டெசிபல் அளவுக்கு விட்டுப் பிடிக்கிறது. ஓர் அலைக்குள்ளேயே பெருக்கம் மாறினால் அலையின் வடிவம் மாறும். வடிவம் மாறினால் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். அதுதான் உருக்குலைவு. விடும் நேரத்தை 1.1 விநாடிக்கு நீட்டினால் இந்தத் தள்ளாட்டம் 0.05 டெசிபலாகக் குறையும். அது காதுக்குத் தெரியாது. பேஸ் கிதாரிலும் டிரம்மிலும் அந்த உருக்குலைவை வேண்டுமென்றே விரும்புவோர் உண்டு. தனிக் கிதாரின் தெளிந்த ஒலிக்கு அது ஆகாது. மேலும், பிக் படும் அந்தக் கூர்மையை நசுக்கிவிட்டால் கிதாரின் உயிர்த்துடிப்பே போய்விடும். 1176 நல்ல காவலன். கையாளத் தெரியாதவரிடம் கடுமையான காவலன்.

மூன்றாவது, டி.பி.எக்ஸ். 160. டேவிட் பிளாக்மர் 1971-ல் தொடங்கிய நிறுவனத்தின் கருவி. டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் மின்னழுத்தத்தின் அடுக்குக்குறிச் சார்பாக மாறுகிறது என்று கல்லூரியில் படிக்கிறோம் அல்லவா? அந்தப் பண்பைக் கொண்டே மடக்கை எடுத்து, டெசிபலில் நேராகக் கணக்குப் போடும் சுற்று இது. உச்சத்தை அளப்பதில்லை, இருமடிச் சராசரி மூலத்தை, அதாவது ஆர்.எம்.எஸ். மதிப்பை அளக்கிறது. நம் காது உரப்பை உணரும் விதத்துக்கு இது நெருங்கியது. பிடிக்கும் நேரம், விடும் நேரம் இரண்டுக்கும் குமிழே கிடையாது, கருவியே தீர்மானித்துக்கொள்ளும். தொடங்குவோர் கெடுக்க வழியில்லை என்பது நன்மை. ஆனால் சராசரியை அளப்பதால் கூரிய உச்சங்கள் தப்பிவிடும். அதோடு, எல்லையைத் தொட்டவுடன் 'சட்'டென்று அமுக்கத் தொடங்குவதால், மென்மையான விரல் மீட்டலில் கருவியின் கை தெரிந்துவிடக்கூடும்.

நான்காவது, எளியோரின் கருவி. எஃப்.எம்.ஆர். ஆடியோ என்னும் சிறு அமெரிக்க நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ஆர்.என்.சி. 1773. 200 டாலருக்கும் குறைவான விலையில் வந்து, பெரிய பெயர்களை வெட்கப்பட வைத்தது. ஐந்து குமிழ்களும் ஒளிவு மறைவில்லாமல் வெளியே இருக்கின்றன. 'சூப்பர் நைஸ்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பெரிய அமுக்கம் ஒன்றைச் சில சிறிய அமுக்கங்களாகப் பிரித்துச் செய்கிறது. ஒரே ஆள் நூறு கிலோ மூட்டையைத் தூக்குவதற்கும் நான்கு பேர் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம். கிதாருக்கு இந்தப் பொத்தான் பொருந்தும். தோற்றத்தில் பகட்டு இல்லை. காசுக்கு நாணயமான கருவி. நான்கில் ஒன்றை வாங்கியே தீரவேண்டும் என்றால் என் வாக்கு இதற்கே. ஆனால், வாங்கியே தீரவேண்டுமா?

காவல் வேறு, சமையல் வேறு

இதுவரை பார்த்ததிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. இரண்டு வெவ்வேறு வேலைகளை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். பதிவு உடையாமல் தடுப்பது காவல். அதற்கு மிக விரைவாகப் பிடிக்கும் லிமிட்டர் வேண்டும். ஒலியைச் சமன்செய்து இனிமையாக்குவது சமையல். அதற்கு நிதானமாகப் பிடித்து நிதானமாக விடும் கம்ப்ரெசர் வேண்டும். ஒரே அமைப்பில் ஒரு பெட்டி இரண்டையும் செவ்வனே செய்யாது. 'உங்கள் பதிவைக் காக்கும், இசைக்கு வெதுவெதுப்பும் தரும்' என்று ஒரே மூச்சில் சொல்லும் விளம்பரத்தை ஐயத்தோடு படியுங்கள். அந்த 'வெதுவெதுப்பு' என்பது பெரும்பாலும் சிறிதளவு மேற்சுர உருக்குலைவுதான். அது பிடித்தால் தவறில்லை. ஆனால் அதற்குப் பெயர் தெரிந்து வாங்குங்கள்.

காவலைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கணினிக்குள் இருக்கும் மென்பொருள் லிமிட்டர் காவல் வேலைக்கு உதவாது. ஒலி எண்ணாக மாறும் இடத்திலேயே அதன் தலை வெட்டுப்பட்டுவிடுகிறது. வெட்டுப்பட்ட பிறகு கணினிக்குள் நிற்கும் காவலன், களவு போன வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறவனே ஆவான். காவல் வேண்டுமென்றால் அது எண்மாற்றிக்கு முன்னால் இருக்க வேண்டும்; அல்லது மைக்கின் பெருக்கத்தைக் குறைத்து வைக்க வேண்டும். முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு ஒரு குமிழைத் திருப்பினால் போதும்.

சமையலைப் பொறுத்தவரை மென்பொருள் கம்ப்ரெசர் தாராளமாகப் போதும். நான் மேலே சொன்ன பெட்டிகளில் முதல் மூன்றையும் பின்பற்றி எழுதிய மென்பொருள்கள் உள்ளன. இலவசமாகக் கிடைப்பனவும் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய நன்மை, பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம் என்பதே. பதிவின்போதே பெட்டி வழியாக அமுக்கிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு குமிழ்களின் அமைப்பு நேரத்தோடு கலந்துவிட்டபின், மூல ஒலியைப் பிரித்தெடுப்பது தோசையிலிருந்து மாவைத் திரும்ப எடுப்பது போன்றது.

மைக்கே முதல் கம்ப்ரெசர்

ஒலி ஏன் ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். வாசிப்பவர் கையின் வேகம் ஒரு காரணம். அவர் அசைவது மற்றொரு காரணம். மைக் 10 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, வாசிப்பவர் 5 செ.மீ. பின்னால் சாய்கிறார். தூரம் ஒன்றரை மடங்கு; ஒலி ஏறத்தாழ 3.5 டெசிபல் குறைகிறது. மைக் 30 செ.மீ. தூரத்தில் இருந்து, அதே 5 செ.மீ. சாய்ந்தால் குறைவது 1.3 டெசிபல்தான். கிதார் ஒரு புள்ளி மூலம் அன்று. ஆகவே இது தோராயக் கணக்கு. ஆயினும் போக்கு இதுதான். மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தாலே பாதி ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது, ஒரு காசு செலவில்லாமல்!

மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள். கிதார்ப் பெட்டியினுள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்கிறது. அந்தச் சுரங்கள் மட்டும் 'பொம்'மென்று பொங்கும். ஒருபுறம் கேட்கும் மைக்காக இருந்தால், அருகில் வைக்கும்போது தாழ்சுரங்களை அதுவும் தன் பங்குக்கு மிகைப்படுத்தும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி, 30 செ.மீ. தள்ளி வைப்பது நல்ல தொடக்கம்.

மிக அதிகமாகத் தள்ளி வைப்பதும் கூடாது. 30 செ.மீ.-யிலிருந்து 60 செ.மீ.-க்குப் போனால் கிதார் 6 டெசிபல் குறையும். அறை இரைச்சல் குறையாது. விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். மெத்தை, போர்வை, துணி அலமாரி உள்ள அறையில் உட்காருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பதிவு செய்யுங்கள். இவை எவையும் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஆகவே எந்த விளம்பரமும் இவற்றைச் சொல்லாது.

மறுதரப்பின் நியாயம்

பெட்டியே வீண் என்று சொன்னால் அது நேர்மையாகாது. திரும்ப வாசிக்க முடியாத ஒரு கச்சேரியை, பக்கத்தில் ஆள் இல்லாமல் பதிவு செய்யும்போது முன்னால் ஒரு லிமிட்டர் நிற்பது நல்லதே. 16 பிட் பழைய கருவியில் பதிவு செய்கிறவருக்கும் இடைவெளி குறைவு, அவருக்கும் உதவும். கிதாரின் உள்ளே ஒட்டும் பீசோ பிக்கப்பிலிருந்து கூரிய உச்சங்கள் வரும். அங்கும் பயன் உண்டு. அனுபவம் மிக்க கலைஞர்கள் கம்ப்ரெசரைக் காதில் கேட்டுக்கொண்டே அதற்கேற்ப வாசிப்பார்கள். அவர்களுக்கு அது இசைக்கருவியின் ஒரு பகுதி. தொடங்குவோருக்கு அந்த வாதம் பொருந்தாது. தன் விரலின் ஏற்றத்தாழ்வு தன் காதுக்கே தெரியாமல் கருவி மறைத்துவிட்டால், விரல் எப்போது திருந்தும்?

வாங்குமுன் ஒரு சோதனை

உரத்த ஒலி நம் காதுக்கு எப்போதும் நல்ல ஒலியாகத் தோன்றும். ஒலி தாழும்போது தாழ்சுரங்களைக் காது விரைவாக இழந்துவிடுகிறது என்பதை 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் அளந்து காட்டினார்கள். கடையில் கம்ப்ரெசரைப் போட்டுக் காட்டும்போது மொத்த ஒலியும் கொஞ்சம் கூடியிருக்கும். 'ஆகா!' என்கிறோம். நாம் வியந்தது கம்ப்ரெசரை அன்று, கூடிய ஒலியை.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஒரே பதிவை அமுக்காமல் ஒன்று, அமுக்கி ஒன்று எனத் தயாரியுங்கள். இரண்டின் சராசரி உரப்பும் சமமாகும்வரை சரிசெய்யுங்கள். எது எது என்று சொல்லாமல் நண்பர் ஒருவர் காசு சுண்டிப் பார்த்து ஒவ்வொன்றாகப் போடட்டும். பத்து முறை கேட்டு, இது அமுக்கியதா அன்றா என எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சொல்லி ஒன்பது அல்லது பத்து முறை சரியாக அமைவதற்கு நிகழ்தகவு 11/1024. அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். அவ்வளவு சரியாகச் சொன்னால் உங்கள் காது வேறுபாட்டை உண்மையாகவே அறிகிறது என்று நம்பலாம். அதன்பின் 'எது எனக்குப் பிடிக்கிறது?' என்று கேளுங்கள். ஐந்தாறு முறைதான் சரி என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக என் தீர்ப்பு இதுதான். முதலில் அறை, அடுத்து மைக்கின் இடம், அடுத்து பெருக்கத்தின் அளவு, அதற்கடுத்துப் பழைய தந்திகளை மாற்றுவது, அதன்பிறகு இலவச மென்பொருளில் 2:1 அல்லது 3:1 விகிதத்தில், பிடிக்கும் நேரம் 20 மில்லி விநாடிக்குக் குறையாமல், மூன்று நான்கு டெசிபலுக்கு மேல் அமுக்காமல் பழகிப் பார்ப்பது. இவ்வளவையும் செய்த பின்னும் ஒரு குறை உங்கள் காதில் நின்றால், அந்தக் குறைக்குப் பெயர் சொல்ல உங்களால் முடிந்தால், அப்போது பெட்டி வாங்குங்கள். 'எந்தக் கம்ப்ரெசர்?' என்ற கேள்விக்கு விடை அப்போது தானே தெரிந்துவிடும்.

என் மாணவர் கதையைப் பாதியில் விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் வீட்டுக்குப் போனேன். விசிறியை நிறுத்தினோம், மைக்கை 30 செ.மீ. தள்ளி வைத்தோம், பெருக்கத்தைக் குறைத்தோம், கம்ப்ரெசரின் இணைப்பைக் கழற்றினோம். வியர்வை வழிய அவர் வாசித்தார். கேட்டுப் பார்த்தபோது மெல்லிய மீட்டல் மெல்லியதாகவே, ஆனால் தெளிவாகக் கேட்டது. ஓங்கிய மீட்டல் உடையாமல் ஓங்கி நின்றது. "சார், இதற்குத்தானா அவ்வளவு செலவு?" என்று அவர் கேட்கவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். மெல்ல வாசிப்பதும் ஓங்கி வாசிப்பதும் குறைகள் அல்ல. பாட்டின் பொருளே பெரும்பாலும் அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்கப் பணம் கொடுக்குமுன், அதைக் காப்பாற்றச் செலவில்லாத வழிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.